பள்ளிக் கிணறும் பொதுப் பணமும்

எமது நாட்டின் கல்வி வரலாற்றை எழுதப் புகுந்தோர் பாடசாலைகளை நிறுவியோரைப் பற்றி எழுதியுள்ளனர். பாடத்திட்டங்களைப் பற்றியும் போதனா மொழியைப் பற்றியும் பரீட்சைப் பெறுபேறுகளைப் பற்றியும் எழுதியுள்ளனர். பாடசாலைக் கிணற்றைப் பற்றி எழுதியோர் மிக அரியர். அது எழுதத்தக்க பொருளன்று என்று அவர்கள் கருதினர் போலும். ஆயினும் காலை ஏழரை மணி தொடக்கம் பிற்பகல் ஒன்றரை மணி வரை ஒரு பிள்ளை பாடசாலையிலே இருக்கின்றது. அந்த ஆறு மணி நேரத்தில் அது எங்கே நீர் அருந்துகின்றது, அந்நீரை அள்ளும் உரிமை யாருக்கு உண்டு, அதற்கான செலவை யார் ஏற்கின்றனர் என்னும் மூன்று வினாக்களுக்கு விடை தேடப் புகுவோமாயின், எமது சமுதாய வரலாற்றின் ஒரு பெரும்பகுதி அக்கிணற்றினுள்ளே கிடப்பதைக் காண்போம்.

நீர் வழங்குதல் ஆட்சியின் கடமை என்பது தமிழர்க்குப் புதிய கருத்தன்று. பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கிக் குடபுலவியனார் பாடிய புறநானூற்றுப் பாடல், நீர்நிலைகளைப் பெருக்குமாறு அரசனுக்கு அறிவுறுத்துகின்றது. அவ்வறிவுரை ஊர்ப் பெரியவர்களின் ஈகையை வேண்டி நின்றதன்று. அரசை நோக்கியே கூறப்பட்டது. பிற்காலத்திலே நாம் அதனை மறந்தோம். நீரை அறமாக்கினோம், தண்ணீர்ப் பந்தலாக்கினோம், புண்ணியமாக்கினோம். புண்ணியம் தேடுவோனுக்குத் தான் விரும்பியவனுக்குக் கொடுக்கவும் விரும்பாதவனுக்கு மறுக்கவும் உரிமையுண்டு. உரிமைக்கும் ஈகைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

யாழ்ப்பாணக் குடாநாட்டை எடுத்துக்கொள்வோம். இங்கு வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறும் மாரிக்கு மட்டும் ஓடுவது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிற் பெய்யும் மழை சுண்ணாம்புக் கற்பாறையினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு மென்படலமாய் மிதக்கின்றது. கடல்மட்டத்திற்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் நிற்கும் என்பது நிலநீரியல் வல்லார் கூறும் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பது அடி குறையும் என்பதும் அதே கணக்குத்தான். புத்தூர் நிலாவரைக் கிணற்றின் மேற்பகுதியில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தல் இவ்வுண்மைக்குக் கண்கூடான சான்றாகும். ஆகவே குடாநாட்டின் கிணறுகள் பொதுவான நிலத்தடி நீர்த்தேக்கங்களின் வாய்களே. நிலத்துக்கு மேலே வேலிகள் உண்டு. நிலத்துக்குக் கீழே வேலி இல்லை.

மண்ணுக்குக் கீழே பொதுவாயிருந்த நீர், கிணற்றுக்கட்டை அடைந்தவுடன் தனியுடைமையாயிற்று. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளிலே கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் தனியே குறித்து எழுதப்படுதல் வழக்கம். நிலமுடையோனுக்குக் கிணற்றிற் பங்குண்டு, நிலமற்றோனுக்குப் பங்கில்லை. பிறருடைய காணிகளிற் குடியிருந்து, பிறருடைய தோட்டங்களுக்குத் துலா மிதித்து நீர் இறைத்த மக்கள், தமக்கு ஒரு குடம் நீர் வேண்டின் கிணற்றடியில் எட்டி நின்று, யாரேனும் வந்து வார்க்கும் வரை காத்திருந்தனர். 1844ஆம் ஆண்டில் இலங்கையில் அடிமைமுறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. ஆனாற் சட்டம் மனிதனை விடுவித்ததேயன்றி, அவன் காலடியில் ஒரு பரப்பு நிலத்தையோ ஒரு கிணற்றையோ வைக்கவில்லை. தீண்டாமை என்பது மனத்திலுள்ள அழுக்கு மட்டும் என்று கூறுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். நிலவுடைமையே அதன் வேர். கிணறு அதன் காவற்கூடம்.

இத்தகைய நிலத்திலேதான் பாடசாலைகள் எழுந்தன. 1814ஆம் ஆண்டில் வெஸ்லியன் மிசனரிமாரும், 1816இல் அமெரிக்க மிசனரிமாரும், 1818இல் திருச்சபைத் தூதுச் சங்கத்தாரும் யாழ்ப்பாணம் வந்தனர். 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். இருதரத்தாரும் ஆற்றிய கல்விப்பணியை நாம் மறுப்பதற்கில்லை. எனினும் கிராமங்களில் எழுந்த சிறு பள்ளிகளுட் பல, ஊர்ப் பெரியவர் ஒருவரின் காணியில், அவர் கொடுத்த ஓலைக் கொட்டகையில், அவருடைய கிணற்றை நம்பித் தோன்றியவையே. காணி யாருடையதோ கிணறும் அவருடையது. கிணறு யாருடையதோ வாளியும் அவருடையது. எவ்வெவ் பிள்ளை வாளியைத் தொடலாம் என்பதைத் தலைமையாசிரியர் தீர்மானிக்கவில்லை, காணிக்காரர் தீர்மானித்தார்.

இவ்வேலியைப் பிளந்தது எது? அன்புரைகளா? சமயப் பிரசங்கங்களா? அவை ஓரளவு மனங்களை இளக்கியிருத்தல் கூடும். ஆனால் வரலாற்றை உற்று நோக்குமிடத்து, பொதுப் பணமே முதன்முதலில் அவ்வேலியில் ஒரு பொட்டை உண்டாக்கிற்று என்பது புலனாகும்.

1869ஆம் ஆண்டிற் பொதுப் போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டதன் பின், தனியார் நடத்திய பள்ளிகளுக்கு அரசாங்கம் உதவி நன்கொடை வழங்கும் முறை உறுதி பெற்றது. அந்நன்கொடை யாருடைய பணம்? உப்புக்கும் அரிசிக்கும் வரி கொடுத்த ஏழை மக்களின் பணமும் அதனுள் அடங்கும். வரி கொடுத்தவனின் பிள்ளை நிலத்தில் அமர, கொடாதவனின் பிள்ளை வாங்கில் அமர்வது நீதியா என்னும் வினா எழ அறுபது ஆண்டுகள் சென்றன. 1924ஆம் ஆண்டில் ஹண்டி பேரின்பநாயகமும் அவர்தம் தோழரும் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸாய் வளர்ந்து, 1927இற் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து, தீண்டாமைக்கு எதிராகக் குரல் எழுப்பிற்று. சம ஆசனம், சம போசனம் என்பன அக்காலத்துச் சுலோகங்கள். 1930ஆம் ஆண்டை அண்டி, உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளிக்கவேண்டும் என்று கல்வித் திணைக்களம் பணித்தது. உயர்சாதியினர் எனத் தம்மைக் கருதியோர் கொதித்தெழுந்தனர். மனுக்கள் எழுதப்பட்டன; பிள்ளைகள் பள்ளியினின்றும் மறிக்கப்பட்டனர்; பாடசாலைகள் சிலவற்றுக்குத் தீயும் வைக்கப்பட்டது. பிள்ளைகள் படிக்கும் கொட்டகையைத் தம் கையாற் கொளுத்துவது மேல், பக்கத்து வாங்கில் ஏழைப் பிள்ளை அமர்வதிலும் என்று எண்ணிய சமுதாயம் அது. எனினும் ஆணை நின்றது. நன்கொடை வேண்டுமாயின் வாங்கைப் பகிரவேண்டும் என்பதே அதன் உட்பொருள். நூறாண்டுப் பிரசங்கம் செய்யாததை ஒரு நிபந்தனை செய்தது.

ஆனால் வாங்கு வேறு; கிணறு வேறு. எண்பது வயதைக் கடந்த, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை நாம் அடிக்கடி காண்பதுண்டு. ஒடுக்கப்பட்ட மக்களிடையே பிறந்து, தன் முயற்சியால் ஆசிரியரானவர். தாம் படித்த காலத்தைப் பற்றி ஒருமுறை அவர் கூறினார்: “வாங்கிலே ஒன்றாய் இருந்தோம், தம்பி. கிணற்றடியிலேதான் இரண்டாய்ப் போனோம்.” பள்ளிக்கூடத்திலே தாம் ஒருநாளும் தண்ணீர் குடித்ததில்லை என்றார். கையேந்தி நின்றால் யாரேனும் வார்ப்பார்கள்; ஆனால் வகுப்பிலே கணக்கில் முதலாவதாய் வந்த பிள்ளை, கணக்குத் தெரியாத பிள்ளையின் முன் கையேந்தி நிற்க மனம் ஒப்பவில்லை. மதிய இடைவேளையிற் பனங்கூடலினூடே ஓடி, வீட்டிலே குடித்துவிட்டு, மணி அடிக்குமுன் ஓடி வருவாராம். இதனைக் கூறும்போது அவர் குரலிலே கோபம் இருக்கவில்லை. அந்த அமைதியே எம்மை உறுத்திற்று.

அவர் கூறியதில் ஒரு வரலாற்று உண்மை உண்டு. சம ஆசனத்துக்கு அரசாங்க ஆணை இருந்தது. ஆசனத்தைப் பார்வையிடப் பரிசோதகர் வந்தார். மீறினால் நன்கொடை நிற்கும் என்ற அச்சம் இருந்தது. கிணற்றுக்கோ பொதுப் பணம் இல்லை. ஆதலால் நிபந்தனையும் இல்லை. அரசாங்கத்தின் காசு எதுவரை சென்றதோ, சமத்துவமும் அதுவரையே சென்றது.

1945ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் முதலாந் திகதி தொடக்கம், சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. எமது நாட்டின் வரலாற்றில் உழைக்கும் மக்கள் பெற்ற பெரும் பேறுகளுள் அது தலையாயது. இக்கட்டுரையை எழுதும் நாமும் அதன் பயனே. 1957இல் நிறைவேறிய சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம், சாதி காரணமாகப் பொதுவாழ்வில் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களினால் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட உதவி பெறும் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. பள்ளியின் காணி பொதுக் காணியாயிற்று. அதனுள் இருந்த கிணறும் பொதுக் கிணறாயிற்று. ஊர்ப் பெரியவரின் வாளி சட்டப்படி இல்லாதொழிந்தது.

சட்டம் தானே நடந்து கிணற்றடிக்கு வந்ததில்லை. மக்களே அதனை நடத்தி வந்தனர். 1966ஆம் ஆண்டு ஒக்ரோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலமும், அதன்பின் எழுந்த தேநீர்க்கடைப் போராட்டங்களும், 1968இல் மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கன. தேநீர்க் கடையிலே சிலருக்கு மூக்குப்பேணியும் சிலருக்குப் போத்தலும் தகரப்பேணியும் என்றிருந்த நிலையை மாற்ற மனிதர் அடியுண்டனர்; உயிர் இழந்தோரும் உண்டு. ஒரு வாய் நீருக்குப் பின்னே எத்துணை இரத்தம் உண்டென்பதை அறிய விரும்பும் மாணவர், கே. டானியலின் ‘பஞ்சமர்’, ‘தண்ணீர்’ ஆகிய நாவல்களைப் படித்தல் நன்று.

இவ்வாறு கிணறு பொதுவாயிற்று. ஆனாற் கிணற்றுக்குரிய செலவு பொதுவாயிற்றா? இங்கேதான் எமது வரலாறு பாதிவழியில் நின்றுவிட்டது. ஆசிரியரின் சம்பளத்தை அரசாங்கம் ஏற்றது. பாடநூலையும் பின்னர் சீருடையையும் ஏற்றது. நீரை மட்டும் இயற்கை தருவது, ஆகவே செலவற்றது என்று விட்டது. அக்காலத்தில் அது முற்றிலும் பிழையான எண்ணமும் அன்று. கிணற்றை ஆண்டுக்கொருமுறை இறைத்துத் துப்புரவு செய்து, கப்பியும் கயிறும் மாற்றினாற் போதுமாயிருந்தது. இன்றைய நிலைமை அதுவன்று.

துலாவும் பட்டையும் போய் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. 1970 தொடக்கம் 1977 வரை இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில், மிளகாயும் வெங்காயமும் யாழ்ப்பாணக் கமக்காரனுக்கு நல்ல விலை தந்தன. அவன் உழைத்தான், நாட்டுக்கு உணவளித்தான், அதற்காக அவனைக் குறைகூற நாம் துணியோம். ஆனால் இயந்திரம் நீரை மிகையாய் இறைக்க உவர் ஏறிற்று. செயற்கை உரம் மண்ணினூடே இறங்கிற்று. நெருங்கிய குடியிருப்புகளின் மலக்குழிகளும் அதனோடு சேர்ந்தன. உலக சுகாதார ஸ்தாபனம் குடிநீருக்கு வகுத்த எல்லை, லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று ஆகும். குடாநாட்டுக் கிணறுகள் பல அவ்வெல்லையைக் கடந்தவை என்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. நைத்திரேற்று கண்ணுக்குத் தெரியாது, நாவுக்கும் தெரியாது, நீரைக் கொதிக்க வைத்தால் அது நீங்குவதற்குப் பதிலாகச் செறிவு கூடும். சுன்னாகத்தைச் சூழ்ந்த பகுதிகளின் கிணறுகளில் எண்ணெய்க் கழிவு கலந்தமை 2010களில் வெளிப்பட்டது. 2019இல் உயர் நீதிமன்றம் மக்களுக்கு இழப்பீடு வழங்கப் பணித்தது. நெடுந்தீவு முதலிய தீவகப் பகுதிகளின் உவர்நீர்த் துன்பமோ தலைமுறைகளாய் அறியப்பட்டது.

இது தமிழ்ப் பிள்ளைகளின் துன்பம் மட்டுமன்று. மதவாச்சி, பதவியா போன்ற இரஜரட்டைப் பகுதிகளில் 1990கள் தொடக்கம் சிறுநீரக நோய் சிங்களக் கமக்காரரைச் சூறையாடி வருகின்றது. அதன் காரணம் இன்றளவும் முடிந்த முடிபாய் நிறுவப்படவில்லை; ஆயினும் நீர் மீது எழுந்த ஐயம் தாய்மாரை உறங்கவிடவில்லை. மலைநாட்டுத் தோட்டங்களிலே தேயிலையை வளர்த்த தொழிலாளரின் பிள்ளைகள், தோட்டப் பாடசாலைகள் அரசுடைமையான பின்னும், மலை ஊற்றிலிருந்து குழாயில் இறங்கும் நீரையே நம்பி நின்றனர். இனத்தின் பெயரால் நம்மைப் பிரிப்போர் உண்டு. தாகம் அப்பிரிவினையை அறியாது.

பாடசாலைக் குடிநீர் இன்று வானிலிருந்து விழுந்து கிணற்றில் ஊறும் இலவசப் பொருளன்று. அது பரிசோதிக்கப்படல் வேண்டும், வடிக்கப்படல் வேண்டும், தொட்டியிற் காக்கப்படல் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் காசு வேண்டும். அக்காசு எங்கிருந்து வருகின்றது?

நாம் அறிந்த பாடசாலைகள் பலவற்றின் முற்றத்தில் ஒரு காட்சியைக் காணலாம். சுவரிலே பளிங்குக் கல் ஒன்று. அதில் நன்கொடையாளரின் பெயரும் திறந்துவைத்தோரின் பெயரும் திகதியும். கல்லின் கீழே நீர் சுத்திகரிக்கும் பொறி. முதலாண்டிற் பொறி நன்றாய் இயங்கும். பின்பு அதன் மென்சவ்வு மாற்றவேண்டி வரும். மின்சாரக் கட்டணம் ஏறும். மாற்றுவதற்குரிய பணம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பொறி நிற்கும், கல் நிற்கும். கல்லுக்கு மென்சவ்வு வேண்டுவதில்லை. இதனைக் கூறுவது நன்கொடையாளரை இகழ்வதற்கன்று. கடல்கடந்து குளிரிலே உழைத்துத் தாம் படித்த பள்ளிக்குப் பணம் அனுப்பும் பழைய மாணவரின் நெஞ்சத்தை நாம் போற்றுகின்றோம். ஆனால் வெளிநாட்டிலே பழைய மாணவர் சங்கம் உள்ள பெரிய கல்லூரிக்கு மூன்று பொறிகள் வருகின்றன. பனங்கூடலுக்கு அப்பாலுள்ள சிறு பள்ளிக்கு ஒன்றும் வருவதில்லை. ஈகை தான் அறிந்த வாயிலையே தட்டும். அறியாத வாயிலை அது அறியாது.

வகுப்பறையிற் காணும் காட்சி இன்னும் கொடியது. கடையில் வாங்கிய நீர்ப் போத்தலோடு சில பிள்ளைகள் வருகின்றன. வீட்டுக் கிணற்று நீரை, அது எத்தகையதாயினும், பழைய போத்தலில் அடைத்துச் சில பிள்ளைகள் வருகின்றன. ஒன்றும் கொண்டுவராமற் சில பிள்ளைகள் வருகின்றன. கழிவறைக்குப் போக நேருமென்று அஞ்சி நீரே குடியாதிருக்கும் பெண்பிள்ளைகளும் உண்டு. போத்தல் உள்ளவன் இல்லாதவனுக்கு ஒரு மிடறு வார்க்கின்றான்; இல்லாதவன் கையேந்திக் குடிக்கின்றான். அன்புடனேதான் வார்க்கின்றான். ஆயினும் இக்காட்சியைக் காணும்போது அம்முதிய ஆசிரியரின் குரல் எம் காதில் ஒலிக்கின்றது. முன்னர் சாதி வகுத்த கிணற்றடியை இன்று காசு வகுக்கின்றது. வாங்கிலே ஒன்றாய் இருக்கின்றனர். தாகத்திலே இரண்டாய்ப் போகின்றனர்.

நாட்டிற் பணமில்லை என்று கூறுவர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியை அனுபவித்த எமக்கு வறுமையை யாரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆயினும் கணக்கைப் பார்ப்போம். ஐந்நூறு பிள்ளைகள் படிக்கும் பாடசாலையிலே பிள்ளைக்கு ஒரு லீற்றர் வீதம் நாளொன்றுக்கு வேண்டுவது 500 லீற்றர் குடிநீர். 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் வடமராட்சி கிழக்கின் தாளையடியிலே திறக்கப்பட்ட கடல்நீரை நன்னீராக்கும் நிலையம், நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர், அதாவது இரண்டு கோடியே நாற்பது இலட்சம் லீற்றர் நீரை வழங்கும் திறனுடையதாய் அமைக்கப்பட்டது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு எழுந்தது அது. அக்கடனைத் திருப்பிக் கொடுப்போர் இந்நாட்டு மக்களே. அப்பெருங் குழாய் செல்லும் வழியிலே முதலில் திறக்கவேண்டிய வாய் எது? விடுதியின் வாயா, பள்ளியின் வாயா? ஆகவே வினா பணம் உண்டா என்பதன்று; பணம் யாரை முதலில் நினைக்கின்றது என்பதே. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்குமாறு 2012ஆம் ஆண்டிற் பல்கலைக்கழக ஆசிரியர் போராடினர். அக்கோரிக்கை விரிவுரை மண்டபங்களுக்கு மட்டும் உரியதன்று. பள்ளிக் கிணற்றுக்கும் உரியது.

2010ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை, தூய குடிநீரை மனித உரிமையென ஏற்றது. உரிமை என்றால் அதற்கு வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி இருத்தல் வேண்டும். ஒவ்வொரு பாடசாலைக்கும், பிள்ளைகளின் தொகைக்கேற்பக் குடிநீருக்கெனத் தனி நிதி ஆண்டுதோறும் ஒதுக்கப்படல் வேண்டும். அது பொறி வாங்குவதற்கு மட்டுமன்றி, பராமரிப்பதற்கும் உரியதாதல் வேண்டும். பாடசாலை நீர் ஆண்டுக்கு இருமுறை, மாரிக்கு முன்னும் பின்னும், பரிசோதிக்கப்பட்டு, அதன் முடிவு பெற்றோர் காணப் பாடசாலைச் சுவரில் ஒட்டப்படல் வேண்டும். பளிங்குக் கல்லுக்கு இடமுள்ள சுவரில் ஒரு தாளுக்கும் இடமுண்டு. சிறிய பள்ளிக்கும் தீவகப் பள்ளிக்கும் தோட்டப் பள்ளிக்கும் முதலிடம் கொடுக்கப்படல் வேண்டும்.

ஆசிரியராகிய நாம் இவ்விடயத்தில் குற்றமற்றவர்கள் அல்லோம். சம்பளத்துக்காக வீதியில் இறங்கிய நாம், எமது மாணவரின் தண்ணீருக்காக எத்தனை தீர்மானங்களை எமது சங்கங்களில் நிறைவேற்றினோம்? எமது ஓய்வறை மேசையில் எமக்கென ஒரு போத்தல் நீர் இருக்கின்றது. அதனாலேயே பிள்ளைகளின் தாகம் எமக்குத் தெரியாமற் போகின்றது. மாணவரும் தம் விஞ்ஞான பாடத்திற் கற்கும் பரிசோதனையைத் தம் பள்ளிக் கிணற்றிலேயே செய்து பார்க்கலாம். ஊரின் கிணறுகளைப் பதிவு செய்யலாம். பெற்றோரோடு சேர்ந்து கேட்கலாம். சம ஆசனத்தைப் பெற்றுத் தந்தோரும் ஒரு காலத்தில் மாணவர் காங்கிரஸாய்த் தொடங்கியவர்களே.

அம்முதிய ஆசிரியரை அண்மையில் ஒரு பாடசாலை விழாவுக்கு அழைத்திருந்தோம். மேடையிலே அவருக்கு மாலை சூட்டினர். விழா முடிந்தபின் அவர் தனியே கிணற்றடிக்குச் சென்று, குழாயைத் திறந்து, நீரைக் கையில் ஏந்திச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “இதைப் பிள்ளைகள் குடிக்கலாமோ, தம்பி?” என்று கேட்டார்.

எம்மிடம் விடை இருக்கவில்லை. அந்நீரை ஒருவரும் பரிசோதித்திருக்கவில்லை. தொடக்கூடாது என்று அவரை அன்று தடுத்தனர். தொடுவதற்கு இன்று எவர் தடையுமில்லை, குடிக்கத்தான் முடியவில்லை. அவர் கேட்ட வினாவுக்கு ஆம் என்று துணிந்து விடைகூறும் நாளிலேதான், 1945இல் தொடங்கிய இலவசக் கல்வி எமது பள்ளியின் கிணற்றடியை வந்தடைந்தது என்று நாம் எழுதலாம்.